ஜெசிதா கப்பலை விட்டு இறங்கவில்லை

குருநகர் இறங்குதுறைக்குப் போகிற வழியில் கயிறும் மிதவையும் ஈயக்குண்டும் விற்கிற சின்னக் கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற ஜெசிதாவுக்கு நாற்பத்து மூன்று வயது. வலது கால் முழங்காலுக்கு மேலேயும் இடது கால் முழங்காலுக்குக் கீழேயும் இல்லை. புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். இரண்டு நாள் பழகியவர்களுக்கு அவளுடைய வாய்தான் ஞாபகத்தில் நிற்கும்.

அந்த வாய் அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. லியோனுக்கு அவள் மூத்த பிள்ளை. தம்பி ஜெரோசன் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, கடலேரியில் கட்டியிருந்த வலைகளைப் பார்க்கத் தகப்பனோடு வள்ளத்தில் போகத் தொடங்கிவிட்டாள். பொம்பிளைப் பிள்ளையை வள்ளத்தில் ஏற்றுவதா என்று கரையில் நின்ற பெரியவர் ஒருவர் லியோனைக் கேட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை முந்திக்கொண்டு, "அப்ப மாதாவின்ரை படத்தை ஏன் வள்ளத்திலை ஒட்டி வைச்சிருக்கிறியள்? அவவும் பொம்பிளைதானே" என்றாள். பெரியவர் வேறு பக்கம் பார்த்தார்.

சண்டை நின்ற 2002ஆம் ஆண்டில், அரியாலை கிழக்கில் விட்டுவிட்டு வந்த மீன்வாடி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனார்கள். பற்றைக்குள் மிதிவெடி கிடந்தது. அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. மூன்று மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்த மறுகிழமையே, தன்னையும் வள்ளத்தில் ஏற்றும்படி தகப்பனிடம் கேட்டாள்.

"காலில்லாத பிள்ளையை ஏத்திக்கொண்டு போய், வள்ளம் கவிண்டா நான் என்ன செய்யிறது?" என்றார் லியோன்.

"காலிருக்கிறவை கவிண்டா நடந்தே கரைக்கு வருகினம்?"

லியோன் ஏற்றவில்லை. அவர் செத்த பிறகு தம்பியும் ஏற்றவில்லை. இருபத்திரண்டு வருசம் அவள் கடலைக் கரையில் இருந்தே பார்த்தாள். கால் போனதைவிட அதுதான் அவளை எரித்தது. கடை போட்டதே கடலுக்குப் போகிறவர்கள் தன்னிடம் வந்துதான் போகவேண்டும் என்ற வைராக்கியத்தில்தான்.

கடைக்கு உத்தரவுப் பத்திரம் எடுக்கப் போன அலுவலகம் மாடியில் இருந்தது. "நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள்? வேறை ஆரையும் அனுப்பி எடுப்பியுங்கோ" என்று கீழே வந்த எழுதுவினைஞர் ஒருவர் சொன்னார். "கடை என்ரை. கையெழுத்தும் என்ரை. கை ரெண்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜெசிதா படிக்கட்டின் அடியில் சக்கர நாற்காலியைக் குறுக்காக நிறுத்தினாள். மாலை மூன்றரை மணிக்கு அதிகாரி பதிவுப் புத்தகத்தைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அடுத்த மாதத்திலிருந்து அந்த வேலை கீழ்த்தளத்தில் நடந்தது.

டென்மார்க்கில் இருக்கிற சின்னம்மா ஒருத்தி, முதியோர் இல்லம் ஒன்றில் கழித்துவிட்ட பற்றறி ஸ்கூட்டரைச் சாமான்களோடு அனுப்பிவைத்தாள். நாலு சில்லு, கடும் சிவப்பு நிறம், முன்னுக்கு ஒரு கூடை. கால் இயலாத முதியவர்கள் கடைக்குப் போய்வர ஓட்டுகிற வண்டி அது. ஜெசிதா அதில் பண்ணைப் பாலத்தைக் கடந்து போனாள். பின்னால் வந்த லொறிக்காரர்கள் ஹோன் அடித்தார்கள். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்று தெரிந்ததால் ஒவ்வொரு பின்னேரமும் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைப்பாள். அதன் ஒவ்வொரு ஆணியும் அவளுக்குத் தெரியும்.

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது என்று கேள்விப்பட்ட அன்றே, வேளாங்கண்ணிக்குப் போகப்போவதாக அறிவித்தாள். அயல் பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள்.

"மாதாட்டைக் கால் கேக்கப் போறியோ, பிள்ளை?"

"மாதாவுக்கு வேறை வேலை இல்லையே? நான் கப்பலிலை போகப் போறன். போற இடத்திலை அவ நிக்கிறா, கண்டிட்டு வருவன்."

துணைக்குத் தம்பியின் மனைவி றொசாந்தி வந்தாள். றொசாந்தி அதிர்ந்து பேசாதவள். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே வியர்த்துப்போவாள்.

போகிற அன்று காங்கேசன்துறையில் பற்றறியைப் பார்த்துப் பயந்தார்கள். கப்பல் முகவரின் அலுவலரான செல்வநாயகம் அரை மணித்தியாலம் ஆராரோடோ தொலைபேசியில் கதைத்தார். நடுக்கடலில் தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்பது அவருடைய கவலை. ஜெசிதா அதை எதிர்பார்த்திருந்தாள். பற்றறியில் ஒட்டியிருந்த எழுத்தைக் காட்டினாள். வண்டியோடு வந்த கையேட்டில் அந்தப் பக்கத்தைப் பிளாஸ்ரிக் உறை போட்டு வைத்திருந்தாள். தீப்பிடிக்கும் என்று அவர்கள் பயப்படுகிற வகை இது இல்லை, மூடி முத்திரையிட்ட வகை, இரண்டு வயரைக் கழற்றிவிட்டால் வெறும் பெட்டி என்று விளக்கினாள். கடைசியில் செல்வநாயகம் சம்மதித்தார். ஆனால் வண்டி கீழ்த்தட்டில் சாமான்களோடு போகவேண்டும், அவள் மேலே இருக்கையில் இருக்கவேண்டும் என்றார்.

அன்று கடல் குளம்போலக் கிடந்தது. வண்டிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குத்தான் நடந்தது. தூக்கிக்கொண்டுபோய் இருக்கையில் வைத்தார்கள். நாலு மணித்தியாலமும் வைத்த இடத்திலேயே இருந்தாள். மற்றவர்கள் வெளித்தட்டுக்குப் போய்க் காற்று வாங்கினார்கள், படம் எடுத்தார்கள். இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு அவள் பயணம் போன கடல், உப்புநீர் காய்ந்து புகார் படிந்த யன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. மலசலகூடத்துக்குப் போக ஆரையும் கூப்பிட விரும்பாமல் தண்ணீர் குடிக்காமலே இருந்தாள்.

மூன்று நாள் கழித்துத் திரும்பும்போது காற்று மாறியிருந்தது. நாகப்பட்டினத்துத் துறையில் கொடிகள் படபடவென்று அடித்தன. ஸ்கூட்டரைப் பொறுப்பெடுத்த மேற்பார்வையாளரிடம் ஜெசிதா நிதானமாகச் சொன்னாள். இருக்கைக்குப் பின்னால் கீழே ஒரு சிவப்புப் பிடி இருக்கிறது. அதை அமத்தினால் சில்லு நாலும் சும்மா உருளும், தள்ளிக்கொண்டு போகலாம். தள்ளி முடிந்ததும் பிடியை மேலே தூக்கிவிடவேண்டும். தூக்காவிட்டால் வண்டிக்குப் பிரேக்கே இல்லை.

"பிறகு, கயிறு கட்டேக்கை கைபிடியிலை கட்டாதேங்கோ. அது கழண்டு வாற சாமான். கீழை இரும்புச் சட்டத்திலை, முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ரெண்டு, நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்கோ."

"எல்லாம் எங்களுக்குத் தெரியும்மா. நாங்க தினமும் கப்பல்ல போறவங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கரை மறைந்து ஒரு மணித்தியாலத்தில் கப்பல் ஆடத் தொடங்கியது. பலர் வாந்தி எடுத்தார்கள். றொசாந்தி செபமாலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அப்போதுதான் காலடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மடார் என்று ஒரு இடி. கப்பல் மற்றப் பக்கம் சரிந்தது, கொஞ்ச நேரம் கடகடவென்று ஏதோ உருண்டது, மறுபடி இடி.

"அது என்ரை ஸ்கூட்டர்" என்றாள் ஜெசிதா.

"இராது மச்சாள். ஆற்றையும் பெட்டியாக்கும்."

"பெட்டிக்குச் சில்லு உப்பிடி உருளாது. பிடியைத் தூக்கிவிடேல்லை அவையள்."

பணியாளர் ஒருவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். கடல் ஆடும்போது கீழ்த்தட்டுக்குப் போக அனுமதி இல்லை என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம், கப்பல் சரிந்த ஒவ்வொரு தடவையும் அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இடிக்கும் எது போயிருக்கும் என்று அவளால் சொல்ல முடிந்தது. கண்ணாடி. கூடை. முன்சில்லு. தன் உடம்பில் விழுகிற அடிபோல அவள் தோள் ஒவ்வொரு தடவையும் சுருங்கியது.

காங்கேசன்துறையில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். கடைசியாக இரண்டு பேர் சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நாகப்பட்டினத்தில் பேசிய அதே மேற்பார்வையாளர், கையில் ஒரு கடதாசியோடு நின்றார்.

"ஸ்கூட்டர் எங்கை?"

"கொஞ்சம் அடிபட்டிருக்கும்மா. கடல் மோசம். யாரால என்ன பண்ண முடியும்? நீங்க இதில உட்காருங்க, கரையில கொண்டு போய் விட்டுடுவாங்க. இதில ஒரு கையெழுத்து மட்டும்."

ஜெசிதா கடதாசியை வாங்கி வாசித்தாள். கொண்டுவந்த பொருள் தன்னுடைய சொந்தப் பொறுப்பில் ஏற்றப்பட்டது, அதுபற்றித் தனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை என்று இருந்தது. அதை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பொருள் எண்டு எழுதியிருக்கிறியள். உது பொருள் இல்லை. உது என்ரை கால். உங்கடை காலை ஆரும் முறிச்சுப்போட்டுக் கதிரையிலை தூக்கிக்கொண்டு போனால் கையெழுத்து வைப்பியளோ? நான் ஸ்கூட்டரோடைதான் ஏறினனான். ஸ்கூட்டரோடைதான் இறங்குவன். அது எப்பிடி உடைஞ்சது எண்டு கப்டன் எழுதித் தரவேணும்."

செல்வநாயகம் மேலே ஓடிவந்தார். அடுத்த பயணத்துக்கு நூற்றுச்சொச்சம் பேர் துறையில் நிற்கிறார்கள், வெயில் கொளுத்துகிறது, கப்பல் நேரத்துக்குப் புறப்படவேண்டும்.

"தங்கச்சி, நான் உங்களுக்கு உதவி செய்த ஆள். போகேக்கை எவ்வளவு பாடுபட்டு அனுமதி எடுத்துத் தந்தனான். இப்பிடி எங்களைச் சங்கடப்படுத்தலாமே?"

"உதவி இல்லை ஐயா. நான் ரிக்கற் எடுத்து வந்தனான்."

"சரி, இறங்கி ஒஃபிசுக்கு வாங்கோ, ஆறுதலாக் கதைப்பம்."

"இறங்கினா நீங்கள் கதைக்க மாட்டியள். கப்பல் போயிடும், சாட்சியும் போயிடும்."

துறையில் நின்றவர்களுக்கு விசயம் போய்ச் சேர்ந்தது. திறந்திருந்த கதவால் ஒரு ஆண்குரல் உரத்துக் கேட்டது: "ஒரு பொம்பிளையாலை நாங்கள் எல்லாரும் காயிறதோ?" இன்னும் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன. றொசாந்திக்கு முகம் சிவந்து கண் நிறைந்தது.

"மச்சாள், விடுங்கோ. நான் கும்பிட்டுக் கேக்கிறன். சனம் பேசுது. உடைஞ்சது உடைஞ்சதுதானே."

ஜெசிதாவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றது. துறைமுகம் கடற்படையின் காவலில் இருக்கிற இடம், ஆராவது வந்து தூக்கி வெளியே போட்டால் அவளால் என்ன செய்ய முடியும்? இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கதிரை கொண்டுவந்தவர்களில் ஒருவன் பொறுமை இழந்து, கேளாமலே அவளுடைய அக்குளுக்குள் கையைக் கொடுத்தான். அப்போதுதான் றொசாந்தி கத்தினாள்.

"கையை எடு!"

அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்திருக்கவேண்டும். அவள் ஜெசிதாவின் இருக்கைக்கு முன்னால் வந்து நின்றாள். "ஆரும் அவவைத் தொடக்கூடாது. கப்டனைக் கூப்பிடுங்கோ."

கப்டன் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர், ஐம்பது கடந்தவர். மேற்பார்வையாளர் சொன்னதை முதலில் கேட்டார். வண்டியைச் சரியாகக் கட்டித்தான் வைத்தோம், கடல் வேகத்தில் அறுந்துவிட்டது என்று அவர் சொன்னார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நான் சொல்லேல்லை. வாங்கோ, கீழை போய்ப் பாப்பம்."

"கீழ போறதுக்கு இரும்பு ஏணிப்படிதான் இருக்கு. நீங்க எப்படி..."

ஜெசிதா இருக்கையிலிருந்து தரையில் இறங்கினாள். இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கிப் படிக்கட்டு வரைக்கும் போனாள். பன்னிரண்டு படி. ஒவ்வொன்றாக, இருந்து இருந்து, இறங்கினாள். கப்டன் கை நீட்டினார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். படி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. வேளாங்கண்ணியில் வாங்கிய புதுச்சட்டை கறுத்துப்போனது.

வண்டி பெட்டிகளுக்கு நடுவில் சரிந்து கிடந்தது. கைபிடித் தண்டு வளைந்து, கண்ணாடி நொறுங்கி, ஒரு முன்சில்லு வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அவள் வண்டியின் பின்பக்கம் ஊர்ந்து போனாள்.

"இந்தச் சிவப்புப் பிடியைப் பாருங்கோ கப்டன். கீழை கிடக்கு. கீழை கிடந்தா பிரேக் இல்லை. கடல் வந்து இதை அமத்தேல்லை. இனிக் கயிறைப் பாருங்கோ. அறுந்ததோ? அறேல்லை. முடிச்சு அப்பிடியே இருக்கு. கைபிடியிலை கட்டியிருக்கினம், கைபிடிதான் கழண்டு வந்திருக்கு. நான் கயிறு விக்கிறவள். அறுந்த கயிறும் அறாத கயிறும் எனக்குத் தெரியும்."

கப்டன் குந்தியிருந்து கயிற்றைக் கையில் எடுத்தார். கழன்ற கைபிடி அதில் தொங்கியது. மேற்பார்வையாளரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஜெசிதாவிடம், "நீங்களா இருந்தா எப்படிக் கட்டுவீங்க?" என்று கேட்டார்.

அவள் கட்டிக் காட்டினாள். தகப்பனின் வள்ளத்தில் எண்ணெய்ப் பீப்பாயை இறுக்கின கட்டு. இழுக்க இழுக்க இறுகும், ஒரு சுண்டு சுண்டினால் அவிழும். நாலு பக்கமும் கட்டிவிட்டு, "இப்ப ஆட்டிப் பாருங்கோ" என்றாள். கப்டன் இரண்டு கையாலும் உலுக்கினார். கூடைதான் ஆடியது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஆனா கீழை வைக்கிறதே பிழை. மேலை, நாங்கள் இருக்கிற தட்டிலை, தரையிலை நாலு வளையம் உருக்கி ஒட்டிவிட்டா வண்டியும் நிக்கும், நானும் மலசலகூடத்துக்குப் போவன். நடை வழியிலையும் இடைஞ்சல் இராது."

அவர் தன் அறைக்குப் போய்க் கப்பலின் முத்திரை போட்ட தாளில் எழுதிக்கொண்டு வந்தார். பணியாளர்களின் கவனக்குறைவு, பிரேக் விடுவிக்கப்பட்ட நிலையில் விடப்பட்டது, கட்டிய முறை தவறு. மூன்று வரி. ஜெசிதா இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் மடித்தாள்.

வண்டியை நாலு பேர் மேலே தூக்கிவந்தார்கள். ஜெசிதா இறங்கின மாதிரியே ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். வளைந்த தண்டை இருக்கையோடு சேர்த்துக் கயிற்றால் வரிந்து கட்டி, அவள் அதிலேயே ஏறி இருந்தாள். றொசாந்தி பின்னால் நின்று தள்ளினாள். ஒரு சில்லு கிரீச்சிட, ஒருபக்கம் இழுத்துக்கொண்டு, அந்த வண்டி இறங்கு பலகையில் இறங்கி, ஒரு மணித்தியாலமாக வெயிலில் நின்ற சனத்துக்கு நடுவில் போனது. ஆரும் கைதட்டவில்லை. ஒரு பெண் நாக்கைச் சப்புக்கொட்டினாள். ஒருவர் மட்டும் வழியில் கிடந்த தன் பையைக் காலால் தள்ளி இடம் விட்டார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. திருத்தச் செலவு முழுவதையும் தருவார்கள். அதோடு விசயம் முடிந்தது என்று அவள் ஒப்பமிடவேண்டும். ஜெசிதா பதில் எழுதினாள். திருத்தச் செலவு அவர்கள் தரவேண்டியது, அதற்கு ஒப்பம் தேவையில்லை. விசயம் வளையம் நாலும் ஒட்டிய அன்றுதான் முடியும். கப்டனின் தாளின் பிரதியையும் தான் வரைந்த படத்தையும் கூட வைத்தாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். துறைமுகத்துக்கு, கப்பல்துறை அமைச்சுக்கு, மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்கு என்று பிரதிகள் போயின. ஸ்கூட்டரைத் தம்பியின் வள்ளத்து இயந்திரத்தைத் திருத்துகிறவர் நிமிர்த்திக் கொடுத்தார். தண்டில் ஒரு வளைவு மிச்சம் இருந்தது.

"உவையள் செய்யமாட்டினம் அக்கா. உனக்கு ஏன் வீண் வேலை?" என்றான் ஜெரோசன்.

"செய்யாட்டி எழுதுவன். எனக்குக் கை உளையாது."

கார்த்திகையில் மழையும் காற்றும் வந்து கப்பல் நின்றது. பதினோராவது கடிதம் போன பிறகு, தை மாதத்தில் செல்வநாயகம் தொலைபேசி எடுத்தார். குரலில் சலிப்பும் கொஞ்சம் சிரிப்பும் கலந்திருந்தன. கப்பல் காங்கேசன்துறையில் திருத்த வேலையில் இருக்கிறது, வந்து பார்க்கச் சொல்கிறார்கள் என்றார்.

பயணிகள் தட்டில், வெளிக்கதவுக்குப் பக்கத்தில் மூன்று இருக்கைகளைக் கழற்றியிருந்தார்கள். தரையில் இரும்பு வளையம் நாலு. ஜெசிதா ஸ்கூட்டரை அதற்குள் விட்டுப் பார்த்தாள். ஒரு வளையம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கயிறு கோர்க்கக் கை போகவில்லை.

"உதைப் பெயர்த்துப்போட்டு ஒரு சாண் தள்ளி ஒட்டுங்கோ."

"தங்கச்சி, மூண்டு இருக்குத்தானே..." என்று செல்வநாயகம் தொடங்கினார்.

"மூண்டு சில்லு எண்டா மூண்டு காணும்."

ஒட்டுவேலைக்காரர் வந்து அதைப் பெயர்த்து ஒட்டும் வரைக்கும் அவள் அங்கேயே இருந்தாள்.

பங்குனியில் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது. முதல் கிழமையே அவளும் றொசாந்தியும் ஏறினார்கள். இந்தமுறை ஆரும் தூக்கவில்லை. பலகையில் வண்டியை ஓட்டிக்கொண்டே உள்ளே போனாள். போனால், சுவரில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய அந்த இடத்தில், வளையங்களே தெரியாத அளவுக்குப் பெட்டிகளும் பைகளும் குவிந்து கிடந்தன. பணியாளர் தலையைச் சொறிந்தார்.

"இன்னைக்குக் கூட்டம்மா. இந்த ஒருதடவை மட்டும் கீழ..."

ஜெசிதா வாசலிலேயே வண்டியை நிறுத்தினாள். சிவப்புப் பிடி மேலே நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். திறப்பைச் சாவித்துளையிலிருந்து உருவிக் கைப்பைக்குள் போட்டாள். பின்னால் ஏறவேண்டியவர்கள் பலகையில் நின்றார்கள்.

"ஆற்றை பெட்டியள் உது?" என்று உரத்துக் கேட்டாள்.

ஒவ்வொருவராக எழும்பி வந்து எடுத்தார்கள். கடைசியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி மிஞ்சியது. அதன் சொந்தக்காரர், மடிப்புக் கலையாத சட்டை போட்டவர், இருந்த இடத்திலிருந்தே சொன்னார்:

"அம்மா, நீங்கள் கொஞ்சம் ஒதுங்கினா எல்லாருக்கும் இடம் காணும்."

ஜெசிதா அசையவில்லை. அவள் வாயைத் திறக்கமுன் றொசாந்தி முந்திக்கொண்டாள்.

"அவ ஒதுங்கமாட்டா. நீங்கள் எழும்பி எடுங்கோ."

அவர் எழும்பி எடுத்தார்.